கெட்டோவுக்குத் தமிழ் 'சேரி' அல்ல

டென்மார்க்கில் குடியேறிகள் மிகுந்து வாழும் பகுதிகள் பற்றிய செய்தியில் 'கெட்டோ' (ghetto) என்ற சொல் வரும்போதெல்லாம் 'சேரிச் சட்டம்', 'குடியேறிகளின் சேரிகள்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. கோபன்ஹேகனின் மியோல்னர்பார்க்கன் போன்ற இடங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகள். சேரி என்றதும் படிப்பவர் மனத்தில் எழுவது குடிசையும் சாக்கடையும்தான்.

கெட்டோ வெனிஸ் நகரத்துச் சொல். 1516இல் யூதர்கள் எல்லாரும் ஒரு சிறு தீவில்தான் குடியிருக்க வேண்டும் என்று அங்கே ஆணையிட்டார்கள். முன்பு அங்கிருந்த உலோக வார்ப்புச் சாலையின் பெயரே இடத்துக்கு ஆனது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இரவில் கதவைப் பூட்டுவார்கள். 1797இல் நெப்போலியன் படை வந்தபின்தான் அந்தக் கதவுகள் போயின.

இதில் வறுமை எங்கே வருகிறது? உள்ளே மருத்துவரும் இருந்தார், வட்டிக்கடைக்காரரும் இருந்தார், பழந்துணி விற்றவரும் இருந்தார். பணம் இருந்தாலும் வெளியே குடியேற முடியாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பகுதிகளுக்கு இந்தச் சொல் போனபோதும் அப்படியே. கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதினார்கள், 1930களில் அரசு நிறுவனம் வரைந்த வரைபடங்களில் அவர்கள் பகுதிகளைக் கடன் கொடுக்க ஆபத்தானவை என்று சிவப்பு அடித்தார்கள், வீட்டுக்கடன் கிடைக்கவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து 1968இல் சட்டம் வந்தபின் வசதியுள்ளவர்கள் பலர் வெளியேற, ஆலைகளும் மூட, மிஞ்சியவர்களிடம் வறுமை குவிந்தது. ஆக, முதலில் அடைப்பு, பிறகு வறுமை. சேரி என்று எழுதினால் இந்த வரிசையே தலைகீழாகி, ஏழைகள் என்பதால் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று ஆகிவிடுகிறது.

சேரியும் ஒதுக்கிவைக்கப்பட்ட இடம்தானே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பழந்தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. எந்தக் குடிக்கும் சேரி இருந்தது. அதைச் சாதி ஒதுக்கலின் பெயராக்கியது பின்வந்த வரலாறு. அந்த வரலாறு அந்தச் சொல்லில் அப்படியே இருக்கட்டும். சோமாலியாவிலிருந்து போனவரின் மாடிவீட்டுக்கும் அதையே ஒட்டினால் தீண்டாமையும் மங்கும், டென்மார்க் செய்வதும் மங்கும். தவிர, வசைச்சொல்லாகவும் ஆக்கப்பட்டுவிட்ட ஒன்றை இன்னொரு மக்கள்மீது எதற்கு வீச வேண்டும்?

'தனிமைப்படுத்தப்பட்ட குடியிருப்பு' என்பதும் வேண்டாம், தொற்றுநோய் ஞாபகம்தான் வரும். ஏழைகள் ஒரே பகுதியில் குவிந்திருப்பதை ஆங்கிலத்தில் concentrated poverty என்பார்கள். அதை 'செறிவூட்டப்பட்ட வறுமை' என்று எழுதுகிறவர்களிடம் என்ன சொல்ல? யுரேனியத்தைச் செறிவூட்டலாம். இது வறுமைக் குவிவு. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டு, எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் படிக்காமலே அனுப்பும் பழக்கம் பெருகிவிட்டது.

என் தேர்வு 'ஒதுக்கிவைத்த குடியிருப்பு'. ஊர் ஒதுக்கிவைத்தது என்று நாம் சொல்வதில் ஒதுக்கியது யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. 'ஒதுக்கப்பட்ட' என்று சுருக்கினால் வீட்டுமனை ஒதுக்கீடு போல ஆகிவிடும், கவனம். நீளம் என்று தோன்றினால் கெட்டோ என்றே எழுதலாம், தவறில்லை.

டென்மார்க்கின் 2018 சட்டத்தையே பாருங்கள். வேலை, கல்வி, வருமானம், குற்றத் தண்டனை ஆகிய நான்கில் இரண்டில் பின்தங்கிய, லாப நோக்கற்ற சங்கங்கள் நடத்தும் வாடகைக் குடியிருப்புக்கு 'நலிந்த பகுதி' என்று பெயர். அதே நிலையில், மேற்கத்திய நாடு அல்லாத இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கு மேல் இருந்துவிட்டால் 'கெட்டோ'. 2021இல் அதை 'இணைச் சமூகம்' என்று மாற்றினார்கள், பாதிக்கு மேல் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை.