எயார் பில்டர்: தமிழ்ல வளி வடிகட்டியா, காற்று வடிகட்டியா?

கொழும்பில கார் வச்சிருக்கிற எல்லாருக்கும், கராஜ் பாஸ்மாருக்கும், தமிழ் சிங்களம் எண்ட வித்தியாசமில்லாம எஞ்சினுக்குள்ள போற வளியில தூசியைப் பிடிக்கிற சாமானுக்குப் புழக்கத்தில இருக்கிறது எயார் பில்டர் எண்ட சொல்தான். சிலர் எயார் கிளீனர் எண்டும் சொல்லுவினம், பிழையில்லை, ஆனா சரியாப் பாத்தா கிளீனர் எண்டது பொனட்டைத் திறந்தோண்ண தெரியிற கறுத்த பிளாஸ்டிக் பெட்டி முழுக்க, பில்டர் அதுக்குள்ள மடிப்பு மடிப்பா இருக்கிற கடதாசித் துண்டு மட்டும். மாத்திறது அந்தத் துண்டைத்தான்.

பில்டர் எண்ட சொல் லத்தீனில பில்ட்ரம் எண்டு இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்தது. பில்ட்ரம் எண்டா ஆட்டு மயிரை நனைச்சு அமத்திச் செய்யிற கம்பளித் துணி. அதாலதான் அந்தக் காலத்தில திரவங்களை வடிச்சவை, அப்பிடியே துணியின்ர பேர் வேலைக்கும் பேராப் போச்சுது.

தமிழ்ல பேர் வேலையில இருந்தே வருது. வடி எண்டா நீர் கீழ இறங்கிறது, சோறு வடிக்கிறம், கண்ணீர் வடியுது எண்டுறம், குசினியில தேத்தண்ணி வடி கிடக்கு. அரி எண்டும் ஒரு சொல் இருக்கு, மா அரிக்கிற அரிதட்டு அதில வந்ததுதான், நெய் வடிக்கிற நெய்யரியும் அதுதான். நன்னூல்ல கடைத்தர மாணாக்கனுக்கு இந்த நெய்யரியை உவமை சொல்லியிருக்கு, நல்ல நெய்யை விட்டிட்டுக் கசடைப் பிடிச்சு வச்சிருக்குமாம். மாணாக்கனுக்கு அது குறை, எஞ்சினுக்கோ அந்தக் குணம்தான் வேணும், வளியை விட்டிட்டுத் தூசியைத் தன்னட்ட வச்சிருக்கிறதுதான் அந்தக் கடதாசியின்ர முழு வேலையும்.

தமிழ்நாட்டில காற்று வடிகட்டி எண்டு எழுதுறவை. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில வளி வேற காற்று வேற, அசையிற வளிதான் காற்று, அதால எனக்கு வளி வடிகட்டிதான் சரியாப் படுது. வளி ஒண்டும் புதுசா உண்டாக்கின சொல்லில்லை, தொல்காப்பியத்தில நிலம் தீ நீரோட சேர்த்துச் சொன்ன சொல்.

இந்தத் துண்டு ஏன் முக்கியம் எண்டா, 1 கிராம் பெற்றோல் முழுசா எரிய 14.7 கிராம் வளி வேணும், 1 லீற்றருக்குக் கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 9,000 லீற்றர் வளி உள்ள போகுது. அதோட மண் போனா சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்ச்சுப்போடும். அடைச்ச பில்டர் பெற்றோலைக் குடிக்கும் எண்டு சொல்றது பெற்றோலையும் வளியையும் கலக்கிற காபரேட்டர் இருந்த பழைய மொறிஸ் மைனர் காலத்துக் கதை, கொம்பியூட்டர் அளந்து பெற்றோலை விசிறிற இப்பத்தைய இன்ஜெக்‌ஷன் கார்ல வளி குறைஞ்சா கொம்பியூட்டர் பெற்றோலையும் குறைச்சுப்போடும், அதால செலவு பெரிசா ஏறாது, இழுவைதான் குறையும், ஏத்தத்திலயும் ஓவர்டேக் பண்ணேக்கயும் வடிவாத் தெரியும்.

செக் பண்றது சுகம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பெட்டியின்ர கிளிப்பைக் கழட்டி எடுத்து, பின்பக்கம் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, மடிப்புகளுக்குள்ளால வெளிச்சம் வந்தா இன்னும் ஓடலாம், வராட்டி, இல்லாட்டி ஒயில் ஊறியிருந்தா மாத்துங்கோ. கடதாசி பில்டரைக் கழுவவே கூடாது, கொம்பிரசரால பலமா ஊதிறதும் கூடாது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். புதுசைப் போட முதல் பெட்டியின்ர அடியை ஈரத்துணியால துடைச்சு, ரப்பர் விளிம்பு சுத்திவர சரியாக் குந்தியிருக்கோ எண்டு விரலால தடவிப் பாத்திட்டு கிளிப்பைப் பூட்டுங்கோ. எத்தினை கிலோமீற்றருக்கு ஒருக்கா எண்டது கார்ப் புத்தகத்தில இருக்கும், கட்டட வேலை நடக்கிற தூசி ரோட்டால தினமும் ஓடுறவை அதுக்கு முன்னமே பாக்கிறது நல்லம்.

கொழும்பில கார்ச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில வாங்கப் போனா வளி வடிகட்டி எண்டு கேக்காதேங்கோ, விளங்காது. எஞ்சின் எயார் பில்டர் எண்டு சொல்லி காரின்ர சசி (chassis) நம்பரையும் குடுங்கோ, வெறும் பில்டர் எண்டா ஏசி பில்டரைத் தூக்கித் தந்துவிடுவினம்.