24 மணி நேர ஸ்டேட்டஸ் மனசை என்ன செய்கிறது?

நாளைக்குத் தானாகப் போய்விடும் என்ற தைரியத்தில்தான் பலரும் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். நிரந்தரமாக நிற்கும் படத்துக்குத் தலை சீவி, பத்தில் ஒன்றைப் பொறுக்குவோம். ஸ்டேட்டஸுக்கு, ஹாஸ்டல் மெஸ்ஸில் வாய் நிறையப் பரோட்டாவோடு எடுத்த படமே போதும். 2013-ல் ஸ்னாப்சாட் கொண்டுவந்த இந்த வசதி 2016-ல் இன்ஸ்டாகிராமுக்கும், 2017-ல் வாட்ஸ்ஆப்புக்கும் வந்தது.

இதில் நல்லதும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களின் போனுக்கு அவ்வப்போது கேள்வி அனுப்பி, அந்த நேரத்து மனநிலையை விசாரித்தார்கள். 2016-ல் வெளியான முடிவு: ஸ்னாப்சாட்டில் பழகும்போது உற்சாகம் கூடியிருந்தது, ஆனால் ஆதரவாக யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு குறைவு. அரட்டைக்கு ஆகும், ஆறுதலுக்கு அவ்வளவு ஆகாது.

சிக்கல், பார்ப்பவர் பக்கம் இருக்கிறது. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்த ஆய்வில், படம் சீக்கிரம் மறைந்துவிடும் என்று அறிந்தவர்கள் கூச்சத்தை விட்டு செல்ஃபி அனுப்பினார்கள். பார்த்தவர்களோ, 'மறையும் படம்தானே' என்று விட்டுக்கொடுக்கவில்லை. 'இந்த ஆளுக்கு நிதானம் போதாது' என்றே எடைபோட்டார்கள். சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தைக் குறைசொல்வது மனித மூளையின் பழைய பழக்கம். (ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற புண்ணியவான்கள் தனிக் கணக்கு.)

என்னைக் கேட்டால், படத்தைவிட ஆபத்தானது அதன் கீழே இருக்கும் கண் குறிதான்; அதைத் தொட்டால் யார் யார் பார்த்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் வரும். சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கண்ணைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "லே மக்கா, அவ பாத்துட்டா. ஒரு ஹார்ட்டுகூட போடல்ல!" அடுத்த பெயர் எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் அங்கேயே போகிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் மனத்தை அதிகம் கட்டிப்போடும்.

ஆனால் அந்தப் பட்டியல் காட்டுவது கவனத்தை அல்ல, ஒரு தட்டலைத்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஒரு பாடகரின் படம் போட்ட, போடவே வெட்கப்படும் டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2000-ல் வெளியான ஆய்வு இது. நம்மை ஊரே பார்க்கிறது என்ற அந்தப் பிரமைக்கு, இன்று பெயரும் நேரமும் போட்டு ஆதாரம் தருகிறது ஸ்டேட்டஸ். அடுத்தவர்களின் ஸ்டேட்டஸைத் தட்டித் தள்ளிவிட்டு நகரும் அதே பிள்ளை, தன் படத்தை மட்டும் எல்லாரும் உற்றுப் பார்த்ததாக நம்புகிறது.

வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில், பிரைவசி பகுதியில் 'ரீட் ரெசிப்ட்ஸ்' என்பதை அணைத்தால் இந்தப் பட்டியல் வராது. அடுத்தவர் ஸ்டேட்டஸை நீங்கள் பார்த்ததும் அவருக்குத் தெரியாது. நீலநிற டிக்கும் கூடவே போய்விடும். பெரும்பாலான பிள்ளைகள் அணைக்க மறுப்பது அந்த டிக்குக்காக அல்ல, கண் குறிக்காகத்தான் என்பது என் ஊகம்.