தராசு முள்ளின் ஆட்டத்தை அடக்கும் தகடு

பள்ளி ஆய்வகமொன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவர், பழைய மூன்று கோல் தராசைத் துடைக்கும்போது, கோலின் நுனியிலுள்ள அலுமினியத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே எதையும் தொடாமல் அசைவதைக் கவனித்திருக்கிறார். அந்தக் காந்தங்களைக் கழற்றிவிட்டால் எடை தவறாகிவிடுமா என்று கேட்டிருந்தார். எடை மாறாது, ஆனால் முள் ஆடி அடங்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தராசுக்கோல் கூரிய கத்தி முனையின்மேல் அமர்ந்திருப்பதால் உராய்வு மிகக் குறைவு. அதன் ஈர்ப்பு மையம் முனைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், தள்ளினால் ஊசல்போல் ஆடித் திரும்பும். அந்த இடைவெளி குறையக் குறையத் தராசின் நுட்பம் கூடும், ஆட்டமும் மந்தமாகிவிடும். இரட்டைத் தட்டு இயற்பியல் தராசில் முள் நிற்பதற்குக் காத்திராமல், ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு என்று திரும்புமிடங்களைக் குறித்துச் சராசரி கண்டது பலருக்கு நினைவிருக்கும்.

அப்படியானால் கோலை எதிலாவது லேசாக உரசவிட்டு நிறுத்தக்கூடாதா? கூடாது. உராய்வு, கோல் நின்ற பிறகும் அதைப் பிடித்துக்கொள்ளும். சரியான இடத்துக்குச் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ முள் நின்றுவிட்டால், அதை அங்கிருந்து நகர்த்தச் சிறு எடை வேறுபாட்டுக்கு வலுவிருக்காது. நமக்கு வேண்டியது, கோல் ஓடும்போது மட்டும் எதிர்த்து, நின்றதும் முற்றிலும் மறைந்துவிடும் விசை. தகடு காந்தப்புலத்தில் நகரும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள், அதாவது உலோகத்துக்குள்ளேயே வட்டமிட்டுச் சுற்றும் மின்னோட்டங்கள், பிறக்கின்றன. லென்ஸ் விதிப்படி அவை தம்மைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கின்றன. வேகம் பாதியானால் எதிர்ப்பும் பாதியாகும். வேகம் சுழியானால் எதிர்ப்பும் சுழியாகும். ஆட்டத்தின் ஆற்றல் தகட்டில் வெப்பமாகக் கரைந்துபோக, கோல் எங்கே நிற்க வேண்டும் என்பதை எடைகள் மட்டுமே முடிவுசெய்கின்றன. கோலின் நுனியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். தேனுக்குள் கரண்டியை நகர்த்துவதுபோல் இருக்கும், விரலை நிறுத்திய கணமே அந்தத் தடை இராது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் ஒரு விதி விரல் நுனியில் புரிகிற இடம் இது. மின்னணுத் தராசு வந்துவிட்டது என்று இவற்றைப் பழைய இரும்புக்குப் போடும் பள்ளிகள், ஒன்றையாவது மாணவர்களுக்காக வைத்திருக்க வேண்டும்.

செம்புக்கு அருகே திசைகாட்டி முள்ளின் ஆட்டம் விரைவில் அடங்குவதை 1824-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அரகோ அறிவித்தார். காரணம் 1831-இல் ஃபாரடே மின்தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைப் பிறப்பிப்பதை, கண்டறிந்த பிறகே விளங்கியது. ஆட்டத்தை அடக்க, கோலோடு இணைத்த தகடொன்றை எண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்த்தும் முறையும் உண்டு, ஆனால் வெப்பநிலைக்கேற்ப எண்ணெயின் பிசுக்கு மாறும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கியூரி தம் துல்லியத் தராசில் காற்றையே தடையாக்கினார். எந்த முறையானாலும் தடை அளவுக்கு மீறினால் கோல் ஊர்ந்துதான் வரும். இடத்தைச் சற்றே தாண்டிச் சென்று ஒருமுறை திரும்பி நிற்பதே நல்லது; கோல் எங்கும் சிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

வாசகர் தம் தராசைச் சோதிக்க, காலித் தட்டோடு கோலை ஒருமுறை மேலே தூக்கியும் ஒருமுறை கீழே அழுத்தியும் விட வேண்டும். இரண்டு முறையும் முள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால், முதலில் காந்த இடைவெளியைப் பார்க்கட்டும். அங்கே ஒட்டிய இரும்புத் துகள்கள் தகட்டை உரசிக்கொண்டிருக்கக்கூடும். ஒட்டும் நாடாவை மடித்து உள்ளே ஒற்றி எடுத்தால் அவை வந்துவிடும்.