இடுப்பு வலி என்று சொல்லப்படும் வால் எலும்பு வலி

பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் "இடுப்பு வலி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கே என்று கேட்டால் சிலர் கையை நடு முதுகில் வைப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்த பிறகே கை கீழே இறங்கும். உண்மையில் வலிப்பது முதுகெலும்பின் கடைசி நுனி, அதாவது வால் எலும்பு. அந்த இடத்தைச் சொல்லக் கூச்சம். இதனாலேயே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, பெல்ட்டும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வால் எலும்பு வலிக்கு அந்த பெல்ட் ஒன்றும் செய்யாது.

ரிப்போர்ட்டில் இதன் பெயர் காக்சிக்ஸ். கிரேக்கத்தில் குயில் இனத்துப் பறவையைக் குறிக்கும் சொல். எலும்பு அதன் அலகுபோல் இருப்பதால் வைத்த பெயர். வலிக்கு காக்சிடைனியா என்பார்கள். காக்சா என்று இன்னொரு சொல் உண்டு, அது இடுப்பு மூட்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு போனில் தேடி, மூட்டு மாற்று அறுவை வரைக்கும் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அப்புறம், "எலும்பு முன்பக்கம் வளைந்துள்ளது" என்ற வரியைப் பார்த்ததும் முறிவு என்று நினைக்க வேண்டாம். இந்த எலும்பு இயல்பாகவே முன்னோக்கி வளைந்ததுதான். வலி இல்லாதவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பெண்களுக்கே இந்த வலி அதிகம். பிரசவத்துக்குப் பின் வருவது ஒரு வகை. எங்கள் பக்கத்தில் நான் வழக்கமாகக் கேட்கும் கதை வேறு: காசிமேட்டில் மீன் தண்ணீரும் ஐஸும் கிடக்கிற தரையில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்த மாதிரி விழுவது. விழுந்தவர் மறுநாளே தாழ்ந்த மணையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். அப்படியானால் புண் எங்கே ஆறும்? உட்கார்ந்தால் வலி, எழுந்திருக்கும்போது சுரீர் என்று குத்து, நடந்தால் பரவாயில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வால் எலும்பைச் சந்தேகிக்கலாம்.

பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை இல்லாமலே குறையும். மருந்துக் கடையில் மூலத்துக்குத் தருகிற வட்ட மெத்தையைவிட, பின்பக்கம் வெட்டு விட்ட ஆப்பு வடிவ மெத்தை நல்லது. எலும்பு எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். சாய்ந்து சரிந்து உட்காராமல் சற்று முன்னால் குனிந்து உட்காருங்கள், அடிக்கடி எழுந்து நில்லுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். முக்குவதே வலியைக் கூட்டும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் டிரெய்லர் டிரைவர்கள் சிலருக்குப் பின்பிளவின் மேல்பக்கம் வீங்கிச் சீழ் வடியும். அது வால் எலும்பு வலி அல்ல, முடி உள்ளே புதைந்து வரும் பைலோனிடல் கட்டி. அதற்கு சர்ஜனைப் பார்க்க வேண்டும், என்னை அல்ல. காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால் டாக்டரிடம் போகத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர், மலம் அடங்காமல் போனாலோ அந்த இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று சீட்டு போடும்போதே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆசனவாய் வழியாகப் பரிசோதிப்பதாக இருந்தால் ஏன் என்று விளக்கி, உங்கள் சம்மதம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.