ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, கையெழுத்துப் போடும் முன்...

காரைக்குடியில் ஆள் சேர்ப்பு ஆலோசகராக இருக்கிறேன். "லெட்டர் வந்துருச்சு சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். 2026இல் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்த காலம் இப்போதைக்குத் திரும்பாது என்பது என் கணிப்பு. 2025 ஜூலையில் டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இனி தேவைப்படும்போது, தேவையான அளவுக்கு, ஒப்பந்தத்தில் எடுப்பது கூடும். ரெஸ்யூமை முதலில் படிப்பது பல இடங்களில் மென்பொருள். கட்டம், படம் எல்லாம் போடாமல் எளிமையாக வைத்திருங்கள்.

ஒப்பந்த வேலை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்களின் பெட்டியடியில் (கடைக் கணக்கு எழுதும் இடம்) வேலை பார்க்கச் சென்றவர்கள், மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். இன்று பட்டம் வாங்கிய பிள்ளைக்கு, தான் எத்தனை மாதத்துக்கு, யாரிடம் சேர்ந்திருக்கிறோம் என்பதே தெரிவதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

அந்த 'யாரிடம்' முக்கியம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நிறுவனம் நேரடியாகக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் உங்களை எடுத்தால், ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) உரிமை உண்டு. இடையில் ஒரு ஏஜென்சி தன் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) போட்டு அனுப்பினால் கதை வேறு; நீங்கள் அந்த ஏஜென்சியின் ஆள். எனவே லெட்டர்ஹெட்டில் யார் பெயர் இருக்கிறது, கடைசித் தேதி எது என்று பாருங்கள்.

அப்புறம் சம்பளம். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) வருடத்துக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அதில் 36,000 'வேரியபிள் பே' (வேலைத்திறனைப் பொறுத்துக் கிடைக்கும், உறுதியில்லாத பகுதி) என்றால் மாதத்துக்கு 3,000 போச்சு. நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டிக்கு எழுநூறு சொச்சம், உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. மிஞ்சுவது 22,500 சொச்சம்தான். இதில்தான் சென்னை பி.ஜி. வாடகையும் சாப்பாடும். பி.எஃப். பிடித்தம் உங்கள் சேமிப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைக்கு எவ்வளவு என்று எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

உள்ளூர் வேலைக்கும் இதையே சொல்வேன். புதுவயல் அரிசி ஆலையில் டேலி மென்பொருளில் கணக்குப் போடுகிற தங்கையாகட்டும், கானாடுகாத்தான் ஓட்டலில் வரவேற்பில் நிற்கிற தம்பியாகட்டும், பல பேர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. புதிய சட்டப்படி தொழிலாளர் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். முதலாளி தெரிந்தவர், 'நம்ம அண்ணாச்சி' என்றாலும் மரியாதையாகக் கேட்டு வாங்கலாம். கூடவே பி.எஃப். பற்றியும் கேளுங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதன்முறையாக பி.எஃபில் சேர்கிறவர்களுக்கு, சம்பளம் மாதம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகத் தருகிறது. முதல் தவணைக்கு ஆறு மாதம் தொடர்ந்து வேலையில் இருக்க வேண்டும். பி.எஃபே இல்லையென்றால் அந்தப் பணமும் இல்லை.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் முதல் அங்கே எஸ் பாஸுக்கு (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). "2,000 வெள்ளிக்கு எஸ் பாஸ் போட்டுத் தர்றேன்" என்பவர் பொய் சொல்கிறார். இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கும் முன், அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கலாம் என்று கம்போடியாவுக்கோ மியான்மருக்கோ கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். அப்படிப் போன நம் பிள்ளைகளை இணைய மோசடிக் கும்பல்கள் அடைத்து வைத்து வேலை வாங்கியிருக்கின்றன. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.