ஒரே மேக்ரோ, மூன்று ஆபீஸ் பதிப்புகள்

ஆத்தங்குடியில் பட்டறை, காரைக்குடியில் கடை, தேவகோட்டையில் ஆடிட்டர் ஆபீஸ். தரைக்கல் வியாபாரத்தின் பில் ஃபைல் மூன்று இடத்துக்கும் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் ஆபீஸ் 2010, கடையில் 2019, ஆடிட்டரிடம் 365. 8 அங்குலச் சதுரக் கல் 9 சேர்ந்தால் 4 சதுர அடி. எக்ஸெலுக்குள் எழுதிவைத்த மேக்ரோ என்ற சிறு நிரல் இந்தக் கணக்கைப் போட்டு, வேர்டைத் திறந்து பில் எழுதி, பிடிஎஃப் ஆக்குகிறது.

முதல் சிக்கல் வேர்டை அழைக்கும் விதத்தில்தான். மேக்ரோ எழுதும்போது மேக்ரோ பயன்படுத்தும் பிற மென்பொருள்களைக் காட்டும் 'ரெஃபரன்சஸ்' பட்டியலில் வேர்டை டிக் செய்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பதிப்பு ஃபைலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஃபைலைப் புதிய ஆபீஸில் திறந்தால் இணைப்பு தானாகவே மேலே ஏறிவிடும்; சேமித்துப் பட்டறைக்கு அனுப்பினால் கீழே இறங்காது, 'மிஸ்ஸிங்' என்று நிற்கும். வேர்டுக்குச் சம்பந்தமே இல்லாத 'டேட்', 'லெஃப்ட்' போன்ற வரிகளில்கூடப் பிழை காட்டுவதால், கோளாறைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

டிக்கை எடுத்துவிட்டு, ஓடும் நேரத்தில் 'கிரியேட் ஆப்ஜெக்ட்' கட்டளையால் 'வேர்ட்.அப்ளிகேஷன்' என்று கேளுங்கள். விண்டோஸ் தன் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து, அங்கே பதிவாகியிருக்கும் வேர்டைக் கொடுக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வேர்டின் மாறிலிப் பெயர்கள், அதாவது மாறாத எண்களுக்கு வேர்ட் வைத்திருக்கும் பெயர்கள், இனி மேக்ரோவுக்குத் தெரியாது. பிடிஎஃப் வடிவத்தின் எண் 17. அதைப் பெயரால் எழுதியிருந்தால், தெரியாத பெயர் வெற்றாகி 0 ஆகும். வேர்டில் 0 என்றால் பழைய டாக் வடிவம். ஃபைல் பெயரில் பிடிஎஃப் இருக்கும், உள்ளே டாக் இருக்கும், வாடிக்கையாளரின் போனில் திறக்காது. எண்களை மேக்ரோவிலேயே அறிவித்து, முதல் வரியில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' போடுங்கள். விட்டுப்போன பெயரை அது ஓடும் முன்பே காட்டிவிடும்.

அடுத்த சிக்கல், ஆபீஸ் சொல்லும் பதிப்பு எண்ணை நம்பி முடிவெடுப்பது. 2007 என்றால் 12.0, 2010 என்றால் 14.0, 2013 என்றால் 15.0. அதற்குப் பிறகு 2016, 2019, 2021, 365 எல்லாமே 16.0 என்றுதான் சொல்லும். ஆனால் பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் சூத்திரம் 2019இல் இல்லை, 2021இலும் 365இலும் உண்டு. எனவே எண்ணைக் கேட்காமல் வசதியையே சோதிப்பதுதான் சரி: தற்காலிக ஒர்க்புக்கில் ஒரு செல்லில் சின்ன எக்ஸ்லுக்கப் சூத்திரத்தை எழுதுங்கள், 'நேம்' பிழை வந்தால் அதே தேடலைச் செய்யும் இண்டெக்ஸ், மேட்ச் என்ற பழைய சூத்திரங்களின் வழிக்குப் போகட்டும். விலைப்பட்டியலுக்கு அந்த இரண்டே எல்லாப் பதிப்பிலும் போதும் என்பதால், முதலிலிருந்தே அவற்றில் எழுதுவது இன்னும் நல்லது.

விண்டோஸ் கட்டளைகளை நேரடியாக அழைக்கும் 'டிக்ளேர்' வரிகள் இருந்தால், 64 பிட் ஆபீஸில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லை அவற்றில் சேர்க்காமல் அவை ஓடாது.

பிழை வந்து நடுவில் நின்றாலும் வேர்டை மூடும் 'க்விட்' வரி ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வேர்ட் டாஸ்க் மேனேஜரில் தங்கி, பில் ஃபைலைப் பூட்டிவைத்திருக்கும். அடுத்த பில்லை அதே பெயரில் சேமிக்க முடியாது.