குருத்துக்கட்டு: கிளினிக் துண்டில் கிடந்த ஒரு சொல்

போன மாரிக்கு முந்தி ஒரு நாள் இரவு, மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து மச்சான் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய மகளின் கிளினிக் துண்டு. பிள்ளைக்கு வயது 11. நேரே நிற்கச் சொன்னால் முழங்கால் இரண்டும் இடிபடும், கணுக்கால்கள் ஒட்டாமல் விலகி நிற்கும். துண்டில் கிறுக்கியிருந்த நீளமான சொல்லை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘ஹெமி எபிபிசியோடெசிஸ்’ என்று வந்தது. படத்துக்குக் கீழே மச்சானின் குரல்: “மகள்ட எலும்ப வெட்டி நிமித்தப் போறாங்களாம் மச்சான். வீட்ட ஒருத்தரும் சோறு தின்னல்ல.”

வெட்டு என்று சொன்னது டொக்டர் இல்லை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர். சொல்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள். ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் வெட்டு என்பதே இல்லை.

கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘பிசிஸ்’ என்றால் வளர்ச்சி, இயற்கை. பௌதிகவியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இந்த வேரில் முளைத்ததுதான். (தமிழ்நாட்டார் அதை இயற்பியல் என்கிறார்கள். வேரின் பொருளுக்கு அது நம் பௌதிகவியலை விடக் கிட்ட நிற்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.) ‘டெசிஸ்’ என்றால் கட்டுதல், பிணைத்தல். முன்னால் ஒட்டிய ‘ஹெமி’ அரை, அதாவது ஒரு பக்கம். எலும்பை வெட்டி நிமிர்த்தும் சிகிச்சையும் உண்டு, அதற்குப் பெயர் ‘ஒஸ்டியோடமி’. அதில் வருகிற ‘டோமி’தான் வெட்டு. வாங்கில் இருந்தவர் இந்த இரண்டையும் குழப்பிவிட்டார்.

சரி, எதை எதோடு கட்டுகிறார்கள்?

பிள்ளைகளின் நீண்ட எலும்பு ஒரே துண்டு இல்லை. நடுவில் தண்டு, நுனியில் தலை, இரண்டுக்கும் இடையில் மெல்லிய தட்டு ஒன்று. அந்தத் தலைக்குத்தான் எபிபிசிஸ் என்று பெயர். இடையில் உள்ள தட்டு இன்னும் எலும்பாகவில்லை. நம் பள்ளிப் பாடநூல் கசியிழையம் என்கிறதே, அது. எலும்பு நீளுவது அந்தத் தட்டில்தான். தொடையெலும்பின் கீழ்நுனித் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீற்றர் வரை நீட்டும், அதற்குக் கீழே முன்காலெலும்பின் மேல்நுனித் தட்டு 6 மில்லிமீற்றர் அளவில். காலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றித்தான் வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 16ஐ ஒட்டியும் இந்தத் தட்டுகள் மூடி, முழுதும் எலும்பாகிவிடும்.

முழங்கால் இடிபடும் காலில் தட்டின் உள்பக்கம் கூடுதலாக வளர்ந்திருக்கும். ஆகவே உள்பக்கத்தில் மட்டும் தலையையும் தண்டையும் ஒரு சின்னத் தகட்டால் பிணைக்கிறார்கள். எட்டு என்ற எண்ணைப் போல இடுப்புச் சிறுத்த தகடு, இரண்டு துளை, இரண்டு திருகாணி. ஒன்று தலையில் ஏறும், மற்றது தண்டில். நடுவில் உள்ள தட்டைத் தொடக்கூடாது. உள்பக்கம் பிடிபட்டு நிற்க, வெளிப்பக்கம் தன்பாட்டில் வளர்ந்து வரும். மாதம் போகப் போகக் கால் நேராகும்.

இதை மச்சானுக்குச் சொல்லும்போது எனக்குக் கைகொடுத்தது அவர் வளவுத் தென்னைதான். மாமர நிழலுக்குப் பக்கத்தில் வைத்த தென்னம்பிள்ளை வெளிச்சம் தேடிச் சாய்ந்திருக்கும். வெயில் படுகிற பக்கம் குறைவாக நீள, நிழல் பக்கம் கூட நீள, கன்று வெயில் பக்கம் வளைகிறது. ஒரு பக்கம் பிந்தினால் வளைவு அந்தப் பக்கம் போகும். வளைத்ததும் வளர்ச்சி, நிமிர்த்துவதும் அதே வளர்ச்சி.

தென்னம்பிள்ளை என்றதும் இன்னொரு சொல்லும் நினைவுக்கு வருகிறது. எலும்பு டொக்டர்மாரின் துறைக்கு வழங்கும் ‘ஓர்த்தோபீடிக்ஸ்’ என்ற பெயர் 1741இல் நிக்கொலா அந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் நூலுக்கு ஆக்கிய தலைப்பிலிருந்து வந்தது. ‘ஓர்த்தோஸ்’ நேர், ‘பைடியோன்’ பிள்ளை. அந்த நூலில் வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்பத்தோடு கயிற்றால் கட்டிய படம் இருந்தது. இன்றைக்கும் எலும்பு மருத்துவச் சங்கங்கள் பல அதையே சின்னமாக வைத்திருக்கின்றன. எலும்பு என்ற பேச்சே இல்லாமல் பிறந்த சொல்லை நாம் என்பியல் என்றும் எலும்பியல் என்றும் பெயர்த்து, பிள்ளையைத் தொலைத்துவிட்டோம். என்பு பழஞ்சொல்தான், 72ஆம் குறளிலேயே இருக்கிறது. ஆனால் மரக்கன்றைப் பிள்ளை என்று கூப்பிடுகிற மொழிக்கு அந்தப் படம் அந்நியமே இல்லை.

கட்டும் முறை ஒரே நாளில் வந்ததல்ல. 1862இலேயே ஹியூட்டர், வொல்க்மன் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் வளர்தட்டில் அழுத்தம் கூடினால் வளர்ச்சி குறையும் என்று எழுதினார்கள். 1933இல் சிக்காகோவில் ஃபெமிஸ்டர் என்ற மருத்துவர் தட்டின் ஓரத்தில் சிறு எலும்புத் துண்டைப் பெயர்த்து, திருப்பி வைத்து, தலையும் தண்டும் ஒட்டிப்போகச் செய்தார். அது நிரந்தரக் கட்டு, அவிழாது. கணக்குப் பிழைத்தால் பிழைத்ததுதான். 1949இல் பிளவுண்ட், தாள்களுக்கு அடிக்கும் பின் போன்ற கம்பிக் கவ்விகளைப் போட்டார். பிறகு கழற்றலாம், ஆனால் சில வேளை அவை தாமாகவே கழன்றன, உடைந்தன. இப்போது போடும் எட்டு வடிவத் தகட்டை 2007இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்டீவன்ஸ்.

இனி, எபிபிசியோடெசிஸுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேட வேண்டும். ‘வளர்ச்சி நிறுத்தம்’ என்று எழுதினால் பிள்ளை கட்டையாகிவிடும் என்று தாய்மார் பயப்படுவார்கள், பயப்படுவதும் நியாயம். ‘வழிப்படுத்திய வளர்ச்சி’ ‘கைடட் குரோத்’ என்ற ஆங்கிலப் பெயரின் நிழல், ஏதோ அபிவிருத்தித் திட்டம் போலக் கேட்கிறது. கணு என்ற சொல்லில் எனக்கு முதலில் ஆசை வந்தது. மூங்கிலும் கரும்பும் கணுவை ஒட்டித்தான் நீளுகின்றன, எலும்புத் தட்டுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. ஆனால் ‘கணுக்கட்டு’ என்றால் நம் ஊரில் கணுக்காலுக்குப் போட்ட கட்டு என்றே கேட்கும். விட்டுவிட்டேன்.

கடைசியில் குருத்துக்குத் திரும்பினேன். கசியிழையத்தைத் தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்பார்கள். நமக்கும் தென்னங்குருத்தும் குருத்தோலை ஞாயிறும் தெரியும். இளசு, இன்னும் முற்றாதது, வளரப்போவது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. குருத்து நுனியில் அல்லவா இருக்கும், தட்டு இடையில் அல்லவா இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, எபிபிசியோடெசிஸ் குருத்துக்கட்டு, ஹெமி சேர்ந்தால் ஒருபக்கக் குருத்துக்கட்டு. கட்டு என்றதும் முறிவு வைத்தியர் எண்ணெய்ச் சீலை சுற்றுவது நினைவுக்கு வரும் என்பது உண்மை. முதல் முறை சொல்லும்போது ‘உள்ளுக்குப் போடுகிற கட்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லாக்கத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்பது என் துணிவு.

ஒரு எச்சரிக்கை. இடிபடும் முழங்காலெல்லாம் குருத்துக்கட்டுக்கு உரியதல்ல. பிறந்த பிள்ளையின் கால் வில்லாக இருக்கும், இரண்டு வயதளவில் நேராகும், மூன்று நான்கு வயதில் முழங்கால் இடிபடும், ஏழு வயதளவில் தானாகச் சீராகும். அதற்குப் பிறகும் நீடித்தால், அல்லது ஒரு கால் மட்டும் வளைந்தால்தான் பார்க்க வேண்டும். கட்டுவதற்கும் குருத்தில் இன்னும் ஓராண்டு வளர்ச்சியாவது மிச்சம் இருக்க வேண்டும். அது மூடிய பிறகு ஒஸ்டியோடமிதான், என்புவெட்டுத்தான் வழி.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, மச்சானின் தாய், எங்கள் மாமி, போனை வாங்கிக் கேட்டார்: “மறுகா அந்தக் கட்ட எப்ப அவுக்கிற, மனே?”

கால் நேரானதும் அவிழ்த்துவிடுவார்கள் மாமி, பெரும்பாலும் ஓராண்டு, சிலருக்குக் கூடவும் ஆகும் என்றேன். மூன்று மாதத்துக்கொரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், கிளினிக்கைத் தவறவிட்டால் கால் மறுபக்கம் வளைந்துவிடும் என்றும் சொன்னேன். மாமி திகதியைக் கலண்டரில் எழுதச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சோறு போடப் போனார்.